ராஜா இல்லாத ஊரின் இளவரசர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். பாலாற்றைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. ஆனால் ராஜா இல்லை என்பது பொய். வீட்டுக்கு வீடு ஓர் இளவரசரோ இளவரசியோ இருக்கிறார். இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிப்போச்சு என்று தட்டைத் தள்ளுகிறவர். சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே போகாதவர். இவர்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பேசத்தான், ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். சரக்கு பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். போன தடவை வந்தபோது பார்த்த ஓர் இளைஞரைக் காணோமே என்று விசாரித்திருக்கிறார். இவர் குரலைத் தாழ்த்தி, "ஹீ இஸ் எ ஸ்பாயில்ட் பாய், சார்" என்றாராம். குடி, கூடாத சேர்க்கை என்று பையன் கெட்டுப்போய்விட்டான் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். வந்தவர் சிரித்துக்கொண்டே, "அப்படியா, வீட்டுக்கு ஒரே பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரியே எனக்கு போன் போட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை. பால் கெட்டுப்போனால் ஸ்பாயில்ட், பழம் கெட்டுப்போனால் ஸ்பாயில்ட். பிள்ளை கெட்டால் மட்டும் வேறா? வேறுதான். ஸ்பாயில்ட் சைல்ட் என்றால் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட பிள்ளை. குடிக்கவோ திருடவோ வேண்டியதில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகியிருந்தால் போதும். நம்முடைய 'கெட்டுப்போனான்' இருக்கிறதே, அதில் பையன் தானாகப் போய்க் கெட்டான். ஸ்பாயில்ட் என்ற சொல்லில் கெடுத்தவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார், பெரும்பாலும் பாட்டி. மாணவர் சொல்ல நினைத்ததற்கு 'கான் ஆஃப் த ரெயில்ஸ்' பொருந்தும். தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டான் என்று அர்த்தம். காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஸ்பாயில் என்ற சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ராணிப்பேட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. லத்தீனில் ஸ்போலியம் என்றால் விலங்கிலிருந்து உரித்தெடுத்த தோல். அப்புறம், விழுந்த எதிரியிடமிருந்து உருவிய கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் அதே பெயர் வந்தது. அதிலிருந்து கொள்ளை, கொள்ளையிலிருந்து நாசம், நாசத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டில் செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்று சொல் நகர்ந்து வந்திருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலிலேயே பிழைக்கிற வட்டாரம் நம்முடையது. உரித்த தோலை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உப்பு போட வேண்டும், சுண்ணாம்பில் ஊற வேண்டும், பதனிட வேண்டும். அத்தனை பாடும் பட்டால்தான் அது ஷூ ஆகும். 'அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும்' என்று பெரியவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். (அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. வாத்தியாராக இருந்த காலத்தில் அடித்திருக்கிறேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.)

ஸ்பாயில் மட்டுமல்ல, வளர்த்தவரைக் காட்டிக்கொடுக்கிற சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. செல்லம் கொடுத்துச் சீராட்டுவதைப் பேம்பர் என்கிறார்கள், அதற்கு ஆதியில் வயிறு புடைக்கத் தீனி போடுவது என்றுதான் பொருள். குழந்தைக்குக் கட்டும் டயப்பருக்கு அந்தப் பெயர் வந்ததெல்லாம் பிற்பாடு. மாலிகாடில் என்பதில் மாலி என்பது மேரியின் செல்லப் பெயர். காடில் என்றால் கொதிக்கவிடாமல் வெந்நீரில் பதமாக வேகவைப்பது, முட்டையை அப்படிச் செய்வார்கள். நாம் பொத்திப் பொத்தி வளர்த்தது என்கிறோமே, அந்தப் பிள்ளை. வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு பிள்ளையை அந்தப் பதத்தில் வைத்திருப்பது லேசான வேலையில்லை. எனக்குப் பிடித்தது காஸிட், செல்லம் கொஞ்சி வளர்ப்பது. தாயில்லாத ஆட்டுக்குட்டியை வீட்டுக்குள் வைத்துக் கையால் பாலூட்டி வளர்த்தால் அந்தக் குட்டிக்கு அதுதான் பெயர். 'செல்லக்குட்டி' என்று நாம் கொஞ்சுவதும் அதே ஆட்டுக்குட்டியை நினைத்துத்தானோ என்னவோ.

இனி பழியைக் கெட்டவர் தலையிலேயே போடுகிற சொற்கள். ப்ரிமா டோனா என்பது இத்தாலியச் சொல். ஆபரா என்கிற பாட்டு நாடகத்தில் தலைமைப் பாடகி, வார்த்தைக்கு வார்த்தை 'முதல் பெண்மணி'. எல்லாரும் தன்னைத் தாங்க வேண்டும், முதல் மரியாதை தனக்குத்தான் என்று இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டீவா என்றால் தேவி. இரண்டும் பெண்பால், ஆனால் கால்பந்து வீரனையும் கல்லூரிப் பேராசிரியரையும்கூட ப்ரிமா டோனா என்று திட்டுகிறார்கள். இதற்குத் தமிழ் என்ன என்று வகுப்பில் கேட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "மாப்பிள்ளை முறுக்கு சார்" என்றான். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் இதுவரை கேட்டதில்லை. தலை ஆடிக்குப் போட்ட மோதிரத்தின் எடை குறைவு என்று விருந்தில் கை நனைக்காமல் உட்கார்ந்திருக்கும் மருமகனைப் பார்த்தவர்களுக்கு இத்தாலி மேடை தேவையில்லை.

ஹை மெயின்டனன்ஸ், அதாவது பராமரிப்பு அதிகம் கேட்பது, என்பது வண்டிக்கும் இயந்திரத்துக்கும் சொன்னது. மனிதர்களுக்கு அது பரவியதில் 1989இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் ஒரு பெண் ஓட்டலில் எது எதன்மேல் இருக்க வேண்டும், எது தனியாக வர வேண்டும் என்று விலாவாரியாக ஆர்டர் கொடுப்பாள். நம் ஊரில் பிரியாணிக் கடைக்குப் போய், பீஸ் தனியாக, சோறு தனியாக, கத்திரிக்காய்த் தொக்கில் புளி கம்மியாக, பச்சடியில் வெங்காயம் இல்லாமல் என்று சொல்லிப் பாருங்கள். சர்வர் மனசுக்குள் சொல்லும் சொல்தான் தமிழில் ஹை மெயின்டனன்ஸ். நான் வானொலியில் சொல்லக்கூடியது, 'யானையைக் கட்டித் தீனி போடுவது'. ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்தச் சொல்லைப் பெண்கள் மேல்தான் அதிகம் எறிகிறார்கள். மணிக்கு ஒரு காபி கேட்டு, அதுவும் டம்ளர் சூடு குறைந்தால் திருப்பி அனுப்புகிற வீட்டுப் பெரியவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

என்டைட்டில்ட் என்பதில் கவனம் வேண்டும். எனக்குப் பென்ஷன் வாங்க உரிமை உண்டு, ஐ ஆம் என்டைட்டில்ட் டு எ பென்ஷன், இது மரியாதையான வாக்கியம். பின்னால் வரும் பாதியை வெட்டிவிட்டு 'ஹீ இஸ் ஸோ என்டைட்டில்ட்' என்றால், உலகமே தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நினைக்கிறவன் என்று வசவாகிவிடும். பிராட் இதற்கு நேர்மாறு. முரண்டு பிடிக்கிற பொடியனைத் திட்டும் சொல், ஆனால் ஆர்மி பிராட் என்றால் பட்டாளத்துக்காரர் பிள்ளை என்று பெருமை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய கம்மவான்பேட்டையில் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

போன மாதம் அந்த ஆம்பூர் மாணவர் மறுபடி போன் செய்தார். மகனுக்கு ஆறு வயது. மக்கன் பேடா இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டேன் என்கிறானாம்.

"ஸ்பாயில்ட் ஆயிட்டான் சார்" என்றார். "பயந்துடாதீங்க, இங்கிலாந்து அர்த்தத்துலதான்."

"வாங்கிக் கொடுக்கறது யாரப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சிக்னல் சரியில்ல சார்" என்றார்.

நன்றி, வணக்கம்.