முதலில் வேலைதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புது நாட்டுக்குப் போனவர், அங்குள்ள மொழி சரளமாக வராத நிலையில், முதலில் மொழியைக் கற்க வேண்டுமா, வேலையைத் தேட வேண்டுமா என்பது இன்றைய வழக்கு. வேலையைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அம்மையார், "வாய் திறக்கத் தெரியாமல் நேர்காணலுக்குப் போனால் அவமானம்தான் மிஞ்சும், ஓராண்டு படித்துவிட்டுப் போகட்டும்" என்றார். அம்மா, அந்த அவமானம் எனக்குத் தெரியும். என் முதல் நேர்காணலில் கேட்ட கேள்வியில் எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: 'இயந்திரம்', 'ஏன்'. பதினோரு ஆண்டு லேத் என்னும் கடைசல் இயந்திரத்தோடு பழகியவன் நான். பதில் தொண்டைவரை வந்து நின்றது, தமிழில். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால், ஓராண்டு என்பது யார் போட்ட கணக்கு? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானிய மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற, அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 88 வாரம், 2,200 மணி நேர வகுப்பு. அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, படிப்பதையே வேலையாக வைத்துப் படிப்பவர்கள். வாடகைக்கு நாள் எண்ணுகிறவர் அத்தனை வாரத்துக்கு எங்கே போவார்?

இன்னொன்று. 'சரளமாகப் பேச வேண்டும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலே பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எந்த அளவு சரளம்? ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழி அளவுகோலில் தொடக்கப் படியான ஏ1 முதல் உச்சப் படியான சி2 வரை ஆறு படிகள் இருக்கின்றன. விளம்பரம் படியைச் சொல்லாதபோது நீங்களே உங்களைத் தள்ளிவிடாதீர்கள். 'ஏ2 முடித்திருக்கிறேன், மாலை வகுப்பில் தொடர்கிறேன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி விண்ணப்பியுங்கள். கூட்டி எழுதினால் முதல் ஐந்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

ஓரிடத்தில் எதிரணி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக நான்காம் படியான பி2 கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். மருந்தின் அளவைத் தவறாகக் காதில் வாங்கினால் போவது நோயாளியின் உயிர். அங்கே மொழிதான் முதலில்.

என் தொழில் அப்படியல்ல, கையே பேசும். அடுத்த இடத்துக்கு நான் கடைந்த இரண்டு உருப்படிகளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். தொலைபேசியில் பேசலாம் என்றார்கள், நேரில் வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். குரல் மட்டும் கேட்டால் எனக்குப் பாதி புரியாது, முகமும் கையசைவும் சேர்ந்தால்தான் புரியும். "ஒரு நாள் செய்து காட்டட்டுமா?" என்ற ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விளிம்பில் நகத்தை ஓட்டினார், தலையசைத்தார். முதல் நாளே எச்சரிக்கைச் சொற்களை எல்லாம் கேட்டுச் சட்டைப்பை நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து, அவர் முன்னாலேயே ஒப்பித்த பிறகுதான் இயந்திரத்தில் கை வைத்தேன்.

"வேலை கிடைத்தவன் பிறகு மொழி படிப்பானா?" என்றும் அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. சுற்றிலும் தன் மொழிக்காரர்களே இருந்தால் பத்து ஆண்டானாலும் படிக்க மாட்டான், அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சம்பளம் சற்றுக் குறைந்தாலும், தமிழ் பேச ஆள் இல்லாத பட்டறையாகப் பார்த்துச் சேரச் சொல்கிறேன்.

அன்று மாலை வகுப்பில் பாடம், ரயில் நிலையத்தில் வழி கேட்பது. நான் எண்ணெய்க் கறை படிந்த நோட்டை ஆசிரியையிடம் நீட்டி, பேரிங் சூடாகிறது என்பதை எப்படிச் சொல்வது என்று கையைக் காட்டிக் கேட்டேன். கரும்பலகையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை இயந்திரத்தின் அருகில் நின்று மேற்பார்வையாளரிடம் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்ற என்னோடு குனிந்தார்.

நன்றி, வணக்கம்.