மைனஸ் 6 பவர், 498 மைக்ரான் கருவிழி: லேசிக்கா, ஸ்மைலா, பி.ஆர்.கே.வா, ஐ.சி.எல்.லா?

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. வயசு 24. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 6, கூடவே சிலிண்டர் (கருவிழியோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற பவர்) மைனஸ் 1. கருவிழியோட, அதாவது கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவோட கனம் 498 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). பவரைச் சரி பண்ற ஆபரேஷனுக்காக மூணு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. ஒண்ணுல ஸ்மைல்ங்கிற லேசர் முறை பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க, இன்னொண்ணுல பி.ஆர்.கே.ங்கிற வேற லேசர் முறைன்னாங்களாம், மூணாவது இடத்துல லேசரே வேண்டாம், கண்ணுக்குள்ள ஐ.சி.எல்.ங்கிற லென்ஸ் வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்களாம். “மூணு பேரும் மூணு விதமா சொன்னா யாரை நம்புறது? ரெண்டு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள கண்ணாடியைக் கழட்டணும்”னு கேக்குறாங்க.

மூணு பேருமே தப்பா சொல்லல. ஒரே கண்ணுக்கு மூணு வழி இருக்கலாம். ஆனா எந்த வழிங்கிறதை விளம்பரமும் முடிவு பண்ணக்கூடாது, “எது காஸ்ட்லியோ அதுதான் பெஸ்ட்”ங்கிற எண்ணமும் முடிவு பண்ணக்கூடாது. உங்க கருவிழிதான் முடிவு பண்ணணும். நல்ல வேளையா நீங்க நம்பர் எல்லாம் கொடுத்திருக்கீங்க. அதனால கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

கிட்டப்பார்வையை லேசர்ல சரி பண்றதுன்னா, கருவிழியோட நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்குறது. அதுக்கு உள்ள இருக்கிற திசுவை எடுத்தாகணும். 6.5 மி.மீ. அகல வட்டத்துக்கு ஒரு பவருக்குத் தோராயமா 14 மைக்ரான் போகும். 6 மி.மீ. வட்டம்னா 12 மைக்ரான். உங்களுக்கு 6-ம் சிலிண்டர் 1-ம் சேர்த்து அதிகபட்சம் 7 பவர். 7 பெருக்கல் 14, 98 மைக்ரான். மெஷின் காட்டுற எண் இதைவிடக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அதுதான் இறுதி. இது கையில போடுற மோட்டாக் கணக்கு.

முதல்ல லேசிக். லேசிக்ல மேல ஒரு மெல்லிய மூடி வெட்டித் திறப்பாங்க, ஃப்ளாப்னு சொல்றது. ஃபெம்டோ லேசர்ல வெட்டினா அது 110 மைக்ரான் பக்கம் இருக்கும். பழைய பிளேடு முறைன்னா இன்னும் கனமாப் போகும். ஃப்ளாப்பைத் திரும்ப மூடினாலும் அது பழையபடி பலமா ஒட்டாது. அதனால அதையும் செலவுக் கணக்குலதான் எழுதணும். 110-ம் 98-ம் 208. 498-ல 208 போனா மிச்சம் 290. குறைஞ்சபட்சம் 250 மிச்சம் இருக்கணும்கிறது பழைய விதி, இப்போ நிறைய பேர் 300 வேணும்னு பாக்குறாங்க. இன்னொரு கணக்கும் உண்டு. மொத்தக் கனத்துல எத்தனை சதவீதத்தைத் தொட்டோம்கிறது. 208-ஐ 498-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 42 சதவீதம். 40-ஐத் தாண்டினாலே கருவிழி பலவீனமாகிப் புடைக்கிற ஆபத்து கூடுது. அதனாலதான் மூணு பேர்ல ஒருத்தரும் உங்களுக்கு லேசிக் சொல்லல.

சிலர் வட்டத்தை 6 மி.மீ.க்குக் குறைச்சா 84 மைக்ரான்தானே ஆகும்னு கேப்பாங்க. ஆகும், மிச்சம் 304 வந்துடும். ஆனா ராத்திரி கண்ணோட பாப்பா (வெளிச்சம் உள்ள போற நடு ஓட்டை) விரியுறப்போ அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்தும் வெளிச்சம் உள்ள போகும். எதிர்ல வர்ற வண்டியோட ஹெட்லைட்டைச் சுத்தி வளையம் தெரியும். பகல்ல 6/6 படிக்கிறவர் ராத்திரி பைக் ஓட்டத் தயங்குவார். காகிதத்துல மைக்ரானை மிச்சம் பிடிச்சு ரோட்டுல பார்வையை விடுறது நல்ல வியாபாரம் இல்ல.

ஸ்மைல்ல மூடி கிடையாது. கருவிழிக்குள்ளயே லேசர் ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்கும், 2-லிருந்து 4 மி.மீ. வாய் வெச்சு அந்த வில்லையை டாக்டர் உருவி எடுத்துடுவார். நரம்பு குறைவா வெட்டுப்படுறதால கண் உலர்ந்து போறது, அதாவது டிரை ஐ, லேசிக்கைவிடக் குறைவு. ஃப்ளாப் நகர்ந்துடுமோங்கிற பயமும் இல்ல. ஆனா கணக்கு என்ன சொல்லுது? மேல் கூரை 120 மைக்ரான் வெச்சுக்குவோம். வில்லை 98, அது கிழியாம வர அடியில 15 மைக்ரான் சேர்ப்பாங்க, ஆக 113. மொத்தம் 233, மிச்சம் 265. கூரை வெட்டுப்படாம இருக்கிறதால அதுக்கும் கொஞ்சம் பலம் உண்டுன்னு ஸ்மைல் பண்றவங்க வாதம், அதுல நியாயமும் இருக்கு. இருந்தாலும் திசு மிச்சமாகுற முறை இது இல்ல. “ஸ்மைல்ல சின்ன ஓட்டைதான், அதனால கருவிழி மெலிஞ்சவங்களுக்கு நல்லது”ன்னு சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க. ஓட்டை சின்னது, உள்ள எடுக்கிறது சின்னது இல்ல. ஒரு வருஷம் கழிச்சு மைனஸ் 0.75 திரும்பி வந்தா, ரெண்டாவது தடவை பெரும்பாலும் மேல பி.ஆர்.கே. தான் பண்ணியாகணும். அதுக்கும் கனம் வேணும்.

பி.ஆர்.கே. பழைய முறை, 1980-கள் கடைசியிலிருந்து இருக்கு. வெட்டே கிடையாது. கருவிழி மேல இருக்கிற 50 மைக்ரான் தோலை நீக்கிட்டு நேரா எக்சைமர் லேசர் அடிப்பாங்க. அந்தத் தோல் திரும்ப வளர்ந்துடும். 50-ம் 98-ம் 148 மைக்ரான்தான், மிச்சம் 350. தொட்டது 30 சதவீதம். உங்க எண்ணுக்கு லேசர்லயே பாதுகாப்பானது இதுதான்.

எக்சைமர்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். இது சுடாது, மூலக்கூறுகளோட பிணைப்பை உடைச்சுத் திசுவை ஆவியா கிளப்பிவிடும், பக்கத்துத் திசு கருகாது. ஆபரேஷன்ல ஒரு மாதிரி முடி கருகுற வாடை வரும், பயப்படாதீங்க, கண்ணு கருகல. இதை 1981-ல ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். தேங்க்ஸ்கிவிங் விருந்துல மிஞ்சின வான்கோழிக் கறி மேலதான் முதல்ல அடிச்சுப் பார்த்தாங்க. சுத்தமா, ஓரம் கருகாம வெட்டுச்சு.

அப்போ பி.ஆர்.கே.ல கஷ்டமே இல்லையான்னா, இருக்கு. முதல் ரெண்டு மூணு நாள் எரிச்சல், கண்ணீர், லைட்டைப் பார்க்க முடியாது. தோல் மூடுற வரைக்கும், நாலஞ்சு நாள், பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பாங்க. அது தானா விழுந்தா திரும்ப எடுத்துக் கழுவி மாட்டிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். பார்வை முதல் வாரம் மங்கல், மூணு நாலு வாரத்துல ஓரளவு, முழுசா நிலைக்க ஒண்ணுலேர்ந்து மூணு மாசம். உங்க மாதிரி கூடுதல் பவர்ல கருவிழியில வெண்மேகம் மாதிரி தழும்பு வர வாய்ப்பு உண்டு. அதுக்காக லேசர் முடிஞ்ச உடனே மைட்டோமைசின் 0.02 சதவீதம் மருந்தைக் கொஞ்ச விநாடி வெச்சு நல்லா கழுவிடுவாங்க. அதுக்கப்புறம் சில மாசத்துக்கு வெயில்ல போனா யு.வி. கண்ணாடி கட்டாயம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து படிப்படியா குறைப்பாங்க. இதுல நடக்கிற பெரிய தப்பு, சீட்டு முடிஞ்சப்புறமும் மெடிக்கல்ல அதே சொட்டு மருந்தை வாங்கி ஊத்திக்கிறது. சிலருக்கு அதனால கண் அழுத்தம் ஏறும், வெளியில ஒரு அறிகுறியும் தெரியாது. கருவிழி மெலிஞ்சிருக்கிறதால மெஷின்லயும் அழுத்தம் குறைச்சுத்தான் காட்டும். பார்வை நரம்பு போனதுக்கப்புறம்தான் தெரியவரும்.

ஐ.சி.எல். வேற கதை. கருவிழியைத் தொடுறதே இல்ல. பாப்பாவுக்குப் பின்னாடி, உங்க சொந்த லென்சுக்கு முன்னாடி ஒரு மெல்லிய லென்ஸ் வெக்கிறது. வேண்டாம்னா எடுத்துடலாம். இதுக்கு வேண்டியது இடம். கருவிழியோட உள்பக்கத்துலேர்ந்து லென்ஸ் வரைக்கும் குறைஞ்சது 2.8 மி.மீ. ஆழம் இருக்கணும். ரிப்போர்ட்டுல இருக்கிற ஆழம் கருவிழிக் கனத்தையும் சேர்த்ததா, சேர்க்காததான்னு கேளுங்க. உங்க அரை மி.மீ.யைச் சேர்த்து 3.1-ன்னு போட்டிருந்தா உண்மையான ஆழம் 2.6 தான். அப்புறம் லென்ஸ் சைஸ். உள்ள வெச்சதும் ரெண்டு லென்சுக்கும் நடுவுல 250-லிருந்து 750 மைக்ரான் இடைவெளி இருக்கணும். பெருசாப் போனா பாப்பாவை முன்னால தள்ளி அழுத்தம் ஏத்தும், சின்னதாப் போனா சொந்த லென்ஸை உரசிக் கண்புரை கொண்டு வரும். ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி கடும் தலைவலியோட வாந்தி வந்தா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க. சிலிண்டர் இருக்கிறதால உங்களுக்கு டோரிக் லென்ஸ், அது உள்ள சுத்திட்டா திரும்பத் திருப்பி வெக்க வேண்டி வரும். செலவு இதுலதான் அதிகம். வருஷா வருஷம் கருவிழியோட உள்பக்க செல்லையும் எண்ணிப் பாக்கணும்.

இவ்வளவு கணக்குக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை நீங்க எழுதல. கருவிழியோட வடிவம். பென்டகாம் மாதிரி ஸ்கேன்ல கருவிழியோட பின்பக்க மேட்டையும் பாக்கணும். கூம்பு மாதிரி நீட்டிக்கிற நோய், கெரட்டோகோனஸ், ஆரம்பத்துல அங்கதான் முதல்ல தலை காட்டும். அந்தச் சந்தேகம் வந்துட்டா லேசிக்கும் இல்ல, ஸ்மைலும் இல்ல, 498-க்குப் பதிலா 560 இருந்தாலும் இல்ல. அலர்ஜியால கண்ணைக் கசக்கித் தேய்க்கிற பழக்கம் இருந்தா, வீட்டுல யாருக்காவது இந்த நோய் இருந்தா, கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க. மூணாவது ஆஸ்பத்திரி லேசரே வேண்டாம்னதுக்குக் காரணம் கனம் மட்டும்தானா, ஸ்கேனா? அதைப் போய்க் கேளுங்க. இந்தக் கேள்விக்கான பதிலே உங்க முடிவைப் பாதி எழுதிடும்.

ஸ்கேன் எடுக்கிறப்போ கான்டாக்ட் லென்ஸ் எத்தனை நாள் முன்னாடி கழட்டினீங்க? சாஃப்ட் லென்ஸ்னா ரெண்டு வாரம், கெட்டி லென்ஸ்னா மூணு நாலு வாரம் போடாம இருக்கணும். லென்ஸ் அமுக்கி வெச்ச வடிவத்தைப் படம் பிடிச்சா மூணு ஆஸ்பத்திரிக்கு மூணு விடை வர்றதுல ஆச்சரியமே இல்ல. பவர் ஒரு வருஷமா 0.5-க்கு மேல மாறாம இருக்கணும், பழைய சீட்டை எடுத்துட்டுப் போங்க. சொட்டு மருந்து விட்டு விழித்திரையோட ஓரம் வரைக்கும் பாத்தாங்களான்னும் கேளுங்க. ஓட்டையோ மெலிவோ இருந்தா முதல்ல அதைச் சுத்தி லேசர் போட்டு அடைச்சுட்டுத்தான் மத்தது.

சரி, கல்யாணம். ரெண்டு மாசம்னா பி.ஆர்.கே.க்கு நேரம் பத்தாது. பார்வை இன்னும் ஏறி இறங்கிட்டிருக்கும், ஹோமப் புகை, கண் மை, விடிய விடிய முழிப்பு, வீடியோ லைட், எல்லாமே அந்தக் கண்ணுக்கு ஆகாதது. ஸ்கேன் சுத்தமா இருந்தா என் கருத்து, கல்யாணம் முடிஞ்சு பி.ஆர்.கே. பண்ணிக்கோங்க. முகூர்த்தத்துக்கு ஒரு நாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கலாம், ஒண்ணும் குறைஞ்சுடாது. ஸ்கேன்ல சந்தேகம் இருந்து, ஆழமும் போதுமானதா இருந்தா ஐ.சி.எல். உடனே குழந்தை பெத்துக்கிற திட்டம் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. கர்ப்பத்துலயும் பால் கொடுக்கிறப்பவும் பவர் மாறலாம், கண் காயும். அதனால அந்தக் காலத்துல பண்ண மாட்டாங்க.

இதே கேள்வியில இன்னும் ரெண்டு சின்னச் சந்தேகம் இருக்கு. “இனி வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வேண்டாமா?” தூரத்துக்கு அனேகமா வேண்டாம். நாப்பதைத் தாண்டினா வெள்ளெழுத்து எல்லாருக்கும் வர்ற மாதிரி உங்களுக்கும் வரும், படிக்கிற கண்ணாடி போட்டுத்தான் ஆகணும். இதை எந்த லேசரும் தடுக்காது. கண்ணு உருவத்துல நீளமாவே இருக்கிறதால விழித்திரைப் பரிசோதனை வருஷா வருஷம் தொடரணும். பறக்கிற புள்ளி திடீர்னு கூடினாலோ, மின்னல் மாதிரி தெரிஞ்சாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ அன்னைக்கே போகணும்.

“தம்பி ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிறான், அவனுக்கும் பண்ணலாமா?” உதவி லோகோ பைலட் வேலைக்குன்னா வேண்டவே வேண்டாம். பவரைச் சரி பண்ண எந்த ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் அந்தப் பதவிக்கு எடுக்க மாட்டாங்க. மத்த சீருடை வேலைகளுக்கு விதி ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி. அறிவிக்கையோட மருத்துவத் தகுதிப் பகுதியைப் படிச்சுட்டு அப்புறம் கண்ணு மேல கை வைக்கச் சொல்லுங்க.

எந்த முறையா இருந்தாலும், ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த பவர், கருவிழி வளைவு, கனம், எத்தனை மைக்ரான் எடுத்தாங்க, இந்த நாலும் இருக்கிற காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கோங்க. முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக் கண்புரை ஆபரேஷன் வர்றப்போ, லேசர் பட்ட கருவிழியில லென்ஸ் பவர் கணக்கு சாதாரண ஃபார்முலாவுல தப்பும். பழைய எண் இருந்தா டாக்டருக்கு வேலை சுலபம். ஆஸ்பத்திரி அத்தனை வருஷம் ஃபைலை வெச்சிருக்கும்னு நம்பாதீங்க. ஒரு நகல் எடுத்து வீட்டுப் பத்திரம் வெக்கிற பீரோவுல வைங்க, இன்னொண்ணை போன்ல போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.