தாங்கி நின்றவை கடிதங்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைத் தாங்கி நின்றது மேடை முழக்கமா, அந்தப் பெண்கள் எழுதிக்கொண்ட கடிதங்களா? கடிதங்களே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

1908 ஜூனில் லண்டன் ஹைட் பார்க்கில் பெண்கள் கடலெனத் திரண்டதை எதிரணித் தலைவர் நெகிழ்ந்து சொன்னார். திரண்டது உண்மை. ஆனால் பிரதமர் ஆஸ்குவித் அசைந்தாரா? கூட்டம் கலைந்து வீடு திரும்பிய பெண்ணை, ஊராரின் ஏளனத்துக்கு நடுவே மறுநாளும் போராளியாக வைத்திருந்தது எது?

கான்ஸ்டன்ஸ் லிட்டனைப் பாருங்கள். தாது வருடப் பஞ்சத்தில் நம் மக்கள் மடிந்தபோது வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள் அவர். 1908-ல் வாக்குரிமைப் போராளி ஆனி கென்னியைச் சந்திக்கிறார். ஆனியோ பத்து வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். பிரபுவின் மகளும் ஆலைத் தொழிலாளியும் சமமாக உட்கார்ந்து பேசுவதே அரிதான நாட்டில், இந்த இருவரும் தோழிகளாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எந்த மேடை இதைச் சாதித்தது?

1909 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நோக்கிப் புறப்படும் முன், சிறைக்குத் துணிந்துவிட்டதைக் கான்ஸ்டன்ஸ் தன் தாய்க்குக் கடிதத்தில்தான் தெரிவித்தார். நேரில் சொல்ல நா எழுமா? அடுத்த ஆண்டு, ஏழைக் கைதியை எப்படி நடத்துகிறார்கள் என்று உலகுக்குக் காட்ட, ஜேன் வார்ட்டன் என்ற தையற்காரியாக மாறுவேடமிட்டு லிவர்பூலில் சிறை புகுந்தார். உண்ணாவிரதம் இருந்தவரின் தொண்டைக்குள் எட்டு முறை குழாய் செருகி உணவைத் திணித்தார்கள். 1912-ல் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகினார், நடுவர் அவர்களே! மேடையேற முடியாத அந்த உடம்பைப் போராட்டத்தோடு பிணைத்து வைத்தது எழுத்து.

தபால் பெட்டிக்குத் தீ வைத்தவர்கள்தானே இவர்கள் என்று எதிரணி கேட்கும். ஆம், எமிலி டேவிசன் அதற்காகவே 1912-ல் ஆறு மாதத் தண்டனை பெற்றார். கடிதத்தை அற்பமென்று நினைத்தா அதைத் தொட்டார்கள்? அரசுக்கு வலிக்கும் இடம் அதுவென்று தெரிந்தே தொட்டார்கள்.

இன்னொன்று. 1913 ஜனவரி 10 அன்று வாக்குரிமைப் போராட்டத் தலைவி எம்மலின் பங்க்ஹர்ஸ்ட் தம் இயக்க உறுப்பினர்களுக்கு 'அந்தரங்கம்' என்று குறித்து ஒரு கடிதம் அனுப்பினார். ஏதேனும் ஒரு வகையில் தீவிரமாகப் போராடுவது ஒவ்வொருவரின் தார்மீகக் கடமை என்றது அது. மேடையில் சொல்லியிருந்தால் காவலர்கள் குறிப்பெடுத்திருப்பார்கள். கடிதமோ ஒவ்வொரு பெண்ணையும் தனியே அழைத்து, 'நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்டது. கூட்டத்தில் கைதட்டிவிட்டு நழுவலாம். தன் பெயருக்கு வந்த கடிதத்திடமிருந்து நழுவ முடியாது.

தீர்ப்பை எங்கள் அணிக்கே வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி.