அடுக்கு மாறிக் கிடந்த நடனம்

(ஒரு திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நானும்தான் பார்த்தேன். 86 நிமிடப் படம். உட்கார்ந்திருந்தது மூன்று மணி நேரம் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, திட்டுவதற்காக உங்களை இங்கே உட்கார வைக்கவில்லை.

‘வேலி ஆஃப் தி கிங்ஸ்’, 1954. தயாரிப்பு ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம். நான் எம்.ஜி.ஆர். என்று சொன்னதாக நினைத்துப் பின்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், மன்னிக்க வேண்டும். இயக்குநர் ராபர்ட் பிராஷ். நாயகன் ராபர்ட் டெய்லர், நாயகி எலினார் பார்க்கர். எகிப்துக்கே போய் எடுத்த வண்ணப் படம். கதை நடக்கும் வருடம் 1900. நாயகியின் அப்பா தொல்லியல்காரர், இறந்துவிட்டார். பைபிளில் வரும் யோசேப்பு எகிப்தில் வாழ்ந்தது உண்மை, அதற்குச் சான்று ஒரு பாரோவின், அதாவது பழைய எகிப்து அரசரின், கல்லறையில் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. மகள் அதைத் தேடி வருகிறாள். கூட வரும் புருஷனோ கல்லறைத் திருடர்களின் கூட்டாளி. மிச்சத்தைத்தான் பார்த்துவிட்டீர்களே.

இந்தப் படத்தில் எனக்கு முதல் கோபம் அந்த அப்பா மேல்தான். விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தோண்டப் போகிறவர் அவர். மண்ணுக்கு அடியிலிருந்து எது வந்தாலும் அது தன் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். இந்த வியாதி அவரோடு போய்விடவில்லை, ஊருக்கு ஊர் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் கதையில் ஒரு விஷயம் அசல். கல்லறைப் பொருள் கடைத்தெருவுக்கு வருகிறது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள் அல்லவா? அது நிஜமாகவே நடந்தது. நைல் நதிக்கரையில் இருக்கும் லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில் குர்னா என்று ஓர் ஊர். அங்கே அப்துல் ரசூல் குடும்பத்தார் மலையிடுக்கில் ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே 50க்கும் மேற்பட்ட மம்மிகள், அதில் பல பேர் அரசர்கள். அவர்கள் ஊரைக் கூட்டவில்லை. வீட்டுச் செலவுக்கு நெல்மூட்டையை ஒவ்வொன்றாக எடுத்து விற்கிற மாதிரி, சுமார் பத்து வருடம் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிட்டார்கள். சந்தையில் அரச முத்திரை போட்ட பொருள்கள் தலைகாட்டியதும், தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த மஸ்பெரோவுக்குச் சந்தேகம் வந்தது. விசாரணை, அடி உதை, பிறகு அண்ணன் தம்பிகளுக்குள் பங்குச் சண்டை. கடைசியில் மூத்தவரே போய் ஒப்புக்கொண்டார். 1881 ஜூலையில் எமில் ப்ருக்ஷ் என்ற அதிகாரி குழிக்குள் இறங்கினார். யாராவது வந்து பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில், எது எங்கே கிடந்தது என்று ஒழுங்காகக் குறிக்கக்கூட நேரம் கொடுக்காமல், இரண்டே நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்.

அரசர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் நைல் நதியில் போனபோது, கரையில் நின்ற கிராமத்துப் பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்தார்களாம். ஆண்கள் துப்பாக்கியால் வானத்தில் சுட்டார்களாம். 3,000 வருடத்துக்கு முன் செத்தவருக்கு இழவு. இன்னொரு கதையும் சொல்வார்கள்: வரிப் பட்டியலில் மம்மி என்று எதுவும் இல்லாததால், கெய்ரோ சுங்கக்காரர் ‘கருவாடு’ என்று எழுதித் தீர்வை போட்டாராம். உண்மையோ பொய்யோ, எழுதும்போது அந்த மனுஷன் முகத்தை நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

இந்த 1881 கதையை எகிப்தியர்களே படமாக எடுத்தார்கள். ஷாதி அப்துல் சலாம் இயக்கிய ‘அல் மூமியா’, 1969. அதில் நடனமும் கிடையாது, வெள்ளைக்கார நாயகனும் கிடையாது. மொத்தப் படமும் ஒரு வீட்டுப் பையனின் மனச்சங்கடம்: முன்னோரின் பிணத்தை விற்றுத்தான் இத்தனை நாள் சோறு தின்றேனா?

சரி, நடனத்துக்கு வருவோம். அதுவரை நெளிந்துகொண்டிருந்த நீங்கள் அசையாமல் உட்கார்ந்தது அங்கேதான். கதையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. வருகிறார், ஆடுகிறார், போகிறார். அவர் சாமியா கமால். படம் வந்தபோது எகிப்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. பாடகர் ஃபரீத் அல் அத்ரஷோடு ஜோடி சேர்ந்து வரிசையாகப் படங்கள். 1949இல் மன்னர் ஃபாரூக் அவரை எகிப்தின் தேசிய நடனக்காரி என்றே அறிவித்தார். அப்பேர்ப்பட்டவரைக் கூட்டிவந்து ‘ஒரு நடனக்காரி’ என்று நிறுத்திவிட்டது ஹாலிவுட்.

இங்கேதான் வேடிக்கை. தொல்லியலில் மண்ணை அடுக்கடுக்காகப் படிப்பார்கள். கீழடுக்கு பழசு, மேலடுக்கு புதுசு. சங்ககால அடுக்கில் பிளாஸ்டிக் மூடி கிடந்தால், எலி வளை வழியாக மேலே இருந்து விழுந்தது என்று அர்த்தம். இந்தப் படத்தின் 1900ஆம் வருட அடுக்கில் அப்படி விழுந்து கிடப்பது சாமியாவின் ஆட்டம். அது 1900க்கு உரியதே இல்லை.

அந்த ஆட்டம் பிறந்த இடம் கெய்ரோவில் பதியா மசப்னி நடத்திய ஆட்டக்கூடம். பதியா சிரியா, லெபனான் பக்கத்திலிருந்து வந்தவர். 1926இல் தன் கூடத்தைத் திறந்தார். கல்யாண வீட்டிலும் தெருவிலும் நாலடி இடத்தில் நின்றபடி இடுப்பை அசைத்து ஆடியதைப் பெரிய மேடைக்கு ஏற்றினார். பாலேயின் கை அசைவு வந்தது, லத்தீன் அமெரிக்கத் தாளம் வந்தது, பின்னால் முழு வாத்தியக் குழுவும் வந்தது. அங்கே தயாரானவர்கள்தான் தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும். தஹியா நின்ற இடத்திலேயே ஆடுவார். ஒரு சாண் நகராமல் ஊரையே கட்டிப்போடுவார். சாமியா மேடை முழுக்க ஓடுவார், மிதப்பார், கையை நீட்டினால் விரல் நுனி தாண்டியும் அசைவு போய்க்கொண்டே இருக்கும். எது உயர்ந்தது என்று கெய்ரோக்காரர்கள் இன்றும் சண்டை போடலாம். என் ஓட்டு தஹியாவுக்கு. ஆனால் கேமராவுக்கு ஏற்றவர் சாமியா.

உண்மையில் 1900இல் அந்தப் பக்கம் ஆடியவர்கள் யார்? நைல் கரை ஊர்களில் பரம்பரையாக ஆடிய கவாஸி பெண்கள். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி அவர்களைத் தலைநகரை விட்டு விரட்டினார். எஸ்னா, கெனா, அஸ்வான் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கெய்ரோவில் அந்தக் காலத்துப் பெரிய பெயர் ஷஃபீகா அல் கிப்தியா. அவர்கள் ஆட்டத்தை ஓடும் வண்ணப் படத்தில் பார்க்க நமக்குக் கொடுப்பினை இல்லை. சாமியாவுடையது கிடைத்திருக்கிறது, தப்பான வருடத்தில் செருகப்பட்டு.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. புருஷனும் நாயகனும் கட்டிப் புரள்கிறார்களே, அந்த அபு சிம்பெல். இரண்டாம் ராம்சேஸ் மலையைக் குடைந்து செய்த கோயில். வாசலில் நான்கு உட்கார்ந்த சிலைகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் உயரம். இன்று நீங்கள் விமானம் ஏறிப் போனாலும் படத்தில் இருக்கும் இடத்தில் அது இருக்காது. அஸ்வான் உயரணைத் தண்ணீர் ஏறப்போகிறது என்று, 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி அடுக்கினார்கள். படத்தில் சிலைகளுக்கு முன்னால் ஆறு ஓடுகிறதே, அந்தக் கரை இன்று ஏரிக்கு அடியில்.

சிலையில் இருக்கும் அதே ராம்சேஸின் உடல்தான் 1881இல் குர்னா குழியிலிருந்து வந்தது. அவர் மூக்குக்குள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். அன்றைக்கு மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். எப்படிப் போயிற்று, எத்தனை கை மாறிற்று என்று கேட்டால், அந்த மூக்கு ஒன்றுதான் சாட்சி.

படம் வந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எகிப்தின் தொல்பொருள் துறைக்கு 1858 முதல் 1952 வரை தலைவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. 1952இல் ராணுவப் புரட்சி, மன்னர் கப்பல் ஏறினார். கடைசி பிரெஞ்சுத் தலைவரும் போய், முஸ்தஃபா ஆமிர் என்ற எகிப்தியர் வந்தார். 1954 மே மாதம், கிசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் கமால் எல் மல்லாக் என்ற எகிப்தியர் சுண்ணாம்புப் பாறைகளை விலக்கி, கூஃபு அரசரின் மரப்படகைக் கண்டார். 43 மீட்டர் நீளம், 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கியிருந்தது. நம் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது அதே வருடம் ஜூலையில். நிஜ எகிப்தில் எகிப்தியர் ஒருவர் நிஜமாகவே கண்டுபிடித்த அடுத்த இரண்டாம் மாதம், திரையில் ராபர்ட் டெய்லர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது, டீ ஆறிப்போகும் என்று செயலாளர் கை காட்டுகிறார். புரொஜெக்டர் தம்பி, ஒரு உதவி. அந்த நடனத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள். டெய்லர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிடலாம்.