பேனலுக்கு 25 வருடம், மாட்டிய கடைக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம். சோலார் தொழில் இனி எப்படிப் போகும், அதன் சந்தை எப்படி இருக்கும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறவன். கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் கூரை மேலேயே கழிந்தது. ஆகவே ஏணியில் நின்று பார்த்ததை வைத்தே பேசுகிறேன்.

2023 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் 300 நாளுக்கு மேல் லோட் ஷெடிங், அதாவது மின்சாரம் போதாமல் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. போனில் ஸ்டேஜ் 6, அதாவது கடுமையான மின்வெட்டு, என்று வந்தால் அடுப்பில் பருப்பை எப்போது ஏற்றுவது, கீசரை எப்போது போடுவது, பிள்ளைகள் எந்த நேரத்தில் படிப்பது, எல்லாவற்றுக்கும் அட்டவணைதான். அதே வருடம் மார்ச் 1 முதல் அடுத்த பிப்ரவரி முடிய புதுப் பேனல் வாங்கி மாட்டியவர்களுக்கு, அதன் விலையில் 25 சதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழிவு கிடைத்தது. பேனலுக்கு மட்டும்தான், இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. அப்புறம் கேட்க வேண்டுமா? நேற்று வரை வேறு வியாபாரம் பார்த்தவர்கள்கூட வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றது, பத்து மாதம் வரவே இல்லை. ஏணிகள் இறங்கின, கடைகளும் மூடின.

இங்கே என் சின்னம்மா வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். சோலார் தொழிலின் எதிர்காலம் முழுக்க எனக்கு அந்த ஒரு கூரையில் தெரிகிறது.

சின்னம்மா 2023 டிசம்பரில் சோலார் போட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை, வேறு ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து மாட்டினார்கள். பெயர் வேண்டாம். எட்டுப் பேனல், ஒரு இன்வெர்ட்டர், ஒரு லித்தியம் பேட்டரி. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் அருமையாக ஓடியது. தைப்பூசக் காவடி சமயத்தில் வீடு நிறைய ஆட்கள், இரவு முழுக்க விளக்கு, ஒரு குறையும் இல்லை. ஜூன் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் பேட்டரி பாதிகூட நிரம்பவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் மணியும் அடிக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். கூரைக்கு இரண்டு சரிவு, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. எட்டுப் பேனலும் தெற்குச் சரிவில் இருந்தன. தெரு அந்தப் பக்கம், வேன் நிறுத்த வசதி, ஏணி சாய்க்க வசதி. வடக்குப் பக்கம் அடுத்த வீட்டு நாய்கள். அவ்வளவுதான் காரணம்.

டர்பனில் வருடம் முழுக்க நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடுவதால் எந்தச் சரிவில் மாட்டினாலும் ஓரளவு வெயில் கிடைக்கும், தப்பு வெளியே தெரியாது. ஜூனில் சூரியன் வடக்கே நன்றாகத் தாழ்ந்துவிடும், தெற்குச் சரிவின் மேல் வெயில் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். தமிழ்நாட்டில் இருந்து வரும் உறவுக்காரர்கள் பேனலைத் தெற்கே பார்த்து வை என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி, நமக்கு அப்படியே தலைகீழ்.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது சின்னம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். துணி காயப்போடும் கொடி வடக்குப் பக்கம். கறிவேப்பிலையும் முருங்கையும் வடக்குப் பக்கம். தெற்குச் சுவரைக் காட்டினார்கள், அடியில் பச்சையாகப் பாசி. "ஏன் தம்பி, இந்தச் சுவத்துல ஜூன் மாசம் ஒரு துண்டுகூடக் காயாதே, அதுக்கு மேல கொண்டுபோய் ஏன் வெச்சாங்க?" என்று கேட்டார்கள். நாற்பது வருடம் அந்த முற்றத்தில் துணி உலர்த்தியவர்கள், அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்ட வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஓய்வூதியப் பணம்.

இரண்டு நாள் வேலையில் எட்டையும் கழற்றி வடக்கே மாற்றினோம். இப்போது ஜூலையிலும் மத்தியானத்துக்குள் பேட்டரி நிரம்புகிறது. அதே பேனல், அதே இன்வெர்ட்டர்.

இதற்கும் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பேனலுக்கு 25 வருடம் உத்தரவாதம் என்று காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கொடுத்த கடை இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. இந்தத் தொழிலில் இனி வரப்போகும் பெரிய வேலை, ஏற்கெனவே கூரையில் இருப்பதைப் பார்த்துக்கொள்வது. துடைப்பது, வயர் இணைப்பு சூடாகிறதா என்று பார்ப்பது, தவறாக மாட்டியதைத் திருத்துவது, பழைய பேட்டரியை மாற்றுவது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பார்த்துக்கொள்வது.

ஏனென்றால் பேனலின் விலை இனி பெரிய பிரச்சினை இல்லை. 1954இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய சிலிக்கான் செல், விழுந்த வெயிலில் 6 சதம் அளவுக்குத்தான் மின்சாரமாக மாற்றியது, விலையோ யானை விலை. அன்றிலிருந்து, உலகத்தில் மாட்டிய பேனலின் மொத்த அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நம் நாட்டிலேயே பாருங்கள்: அரசாங்கம் 2011இல் நடத்திய முதல் ஏலத்தில் சோலார் மின்சாரம் ஒரு யூனிட் சராசரியாக 2 ராண்ட் 75 சென்ட். 2021இல் அது 50 சென்டுக்கும் கீழே. அரசு மின்சாரக் கம்பெனியான எஸ்காமின் கட்டணமோ 2023இல் 18.65 சதம், 2024இல் 12.74 சதம் ஏறியது. ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது, எது ஜெயிக்கும் என்று சின்னம்மாவைக் கேட்டாலே சொல்வார்கள்.

பேனல் செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற 2024இல் நம் அரசாங்கம் இறக்குமதிப் பேனலுக்கு 10 சதம் வரி போட்டது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆலையில் இயந்திரங்கள்தான் நிறைய. வேலை கூரையில் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுங்கள். முக்கியமாக ஒன்று: சாட்ஸ்வொர்த்தில் பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் துளை போட்டால் வரும் தூசி நுரையீரலுக்கு எமன். யாராவது டிரில்லை எடுத்துக்கொண்டு நேரே ஏறினால் நிறுத்துங்கள், முதலில் கூரையைப் பற்றிப் பேசுங்கள். வேலை முடிந்ததும் மின் பாதுகாப்புச் சான்றிதழ், நாம் சிஓசி என்கிறோமே, அதைக் கையில் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கீசர். பேட்டரிக்கு அவ்வளவு செலவு செய்கிறோம், கீசரோ விடியற்காலையில் இருட்டில் ஓடுகிறது. சாதாரணக் கீசர் ஒன்று 3 கிலோவாட் இழுக்கும். ஒரு டைமர் போட்டு மத்தியானம் 11 மணிக்கு ஓடவிடுங்கள். வெயில் நேரே வெந்நீராகிவிடும், சாயங்காலம் வரை சூடு நிற்கும். பேட்டரி வாங்க முடியாதவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கூரையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அடுக்குமாடியில் இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள்? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. வசதி உள்ளவர்கள் சோலார் போட்டு மாநகராட்சி மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டால் வருமானம் விழும், கம்பமும் வயரும் பராமரிக்கும் செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் ஏறும். ஒரு வீட்டுக் கூரையில் மிஞ்சுவதை அடுத்த தெருவில் உள்ளவர் வாங்கிக்கொள்ள வழி வேண்டும். கேப் டவுன் மாநகராட்சி 2023இல் மிச்ச மின்சாரத்துக்குப் பணமாகவே கொடுக்கப்போவதாக அறிவித்தது. அந்த மாதிரிச் சந்தை ஒவ்வொரு ஊரிலும்...

சரி, கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. நார்தர்ன் கேப் மாகாணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே கென்ஹார்ட் பக்கம் 540 மெகாவாட் பேனலும் 225 மெகாவாட் பேட்டரியும் சேர்த்து ஒரு நிலையம் 2023 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. காலை 5 மணியில் இருந்து இரவு 9.30 வரை 150 மெகாவாட் தருகிறது. இருட்டிய பிறகும் சோலார் மின்சாரம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தப் பக்கத்து வெயிலை ஊர்களுக்குக் கொண்டுவர மின்பாதை போதவில்லை. நாடு முழுக்கப் பத்து வருடத்தில் 14,000 கிலோமீட்டர் புதுப் பாதை வேண்டும் என்பது கணக்கு, அதற்குக் கம்பம் நடவும் ஆள் வேண்டும். பழைய பேனல்களை என்ன செய்வது என்பதற்கு இன்றைக்கு நேரமில்லை.

கடைசியாக ஒன்று மட்டும். சோலார் போட்டவர்கள் நாளை மத்தியானம் 12 மணிக்கு வெளியே வந்து, வெயில் எந்தப் பக்கம் நிற்கிறது, உங்கள் பேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். வணக்கம்.