மூத்தவள் கையிலிருந்த சுளகு

(பாளையங்கோட்டையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

நம்மூரில் பலசரக்குக் கடைக்காரரும் அண்ணாச்சிதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அண்ணாச்சிதான். மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் ஆளை மூத்தவராக்கிவிடுவோம். நாமேதான் 'மூத்தது மோழை, இளையது காளை' என்றும் சொல்கிறோம். இரண்டில் எது சரி?

வியன்னாவில் 1870-இல் பிறந்த ஆல்ஃபிரட் அட்லர் என்ற மருத்துவர், பிறந்த வரிசை குணத்தை மாற்றும் என்பதை உளவியலில் பெரிய பேச்சாக்கினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தலைப்பிள்ளை அரியணை இழந்த ராஜாவாகிவிடுகிறது என்றார். அவர் வீட்டில் அவர் இரண்டாவது. அண்ணன் மேல் என்ன கோபமோ!

நம் சீமையையே பாருங்கள். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் வ.உ.சி., எட்டயபுரத்தில் 1882-இல் பாரதி. இருவரும் தலைச்சன் பிள்ளைகள். ஒருவர் பங்கு சேர்த்து, கணக்குப் பார்த்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். இன்னொருவர் உலைக்கு வைத்த அரிசியைக் குருவிக்கு இறைத்தார். வ.உ.சி.க்கு வக்கீல் தகப்பனார் பின்னால் நின்று படிக்கவைத்தார். பாரதிக்கு ஐந்து வயதில் தாய் போனார், பதினாறு நிரம்புமுன் தகப்பனாரும் போனார். பிறந்த வரிசை ஒன்றுதான், வளர்ந்த வீடு வேறு.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முக்கூடல் பக்கம். நாங்கள் நாலு பேர், நான் மூன்றாவது. பெரியக்கா எட்டாம் வகுப்போடு நின்று, பீடி சுற்றுவதற்குச் சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்தாள். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் கொண்டுபோய்ப் போடவேண்டும். பீடி சரியில்லை என்று கடைக்காரர் கழித்தால் அன்றைக்குக் கூலியில் துண்டு விழும். அந்தக் கூலியில்தான் எனக்குப் பள்ளிக்கூட நோட்டு. அக்கா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "மூத்தவ அப்படித்தான் இருப்பா" என்பார்கள். சின்னக்காவோ வாயாடி, தெருவெல்லாம் அவள் சத்தம்தான்.

பெரியக்காவைக் கட்டிக்கொடுத்தோம். சுளகு சின்னக்கா மடிக்கு வந்தது. மூன்றே மாதம்! நான் விளக்கை அணைக்காமல் தூங்கினால் திட்டுகிற ஆள் மாறியிருந்தாள், திட்டு மாறவில்லை.

இதை நான் வெகுகாலம் எங்கள் வீட்டு விசேஷம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் நார்வேக்காரர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ராணுவத் தேர்வுக்கு வந்த ஏறத்தாழ 2,40,000 இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள். தலைப்பிள்ளைகள் இரண்டாவது பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு புள்ளிக்குச் சற்று மேலே இருந்தார்கள். ஆனால் மூத்தது சிறுவயதிலேயே இறந்துபோய், தானே மூத்தவனாக வளர்ந்த இரண்டாவது பிள்ளை? அவன் மதிப்பெண் தலைப்பிள்ளையை ஒட்டியே இருந்தது. அப்படியென்றால் காரணம் கருப்பையில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

அதுவும் சின்ன வித்தியாசம்தான். குணத்துக்கு வந்தால் அதுகூட இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் பார்த்த 2015 ஆய்வில், கூச்சம், பொறுப்பு, இணங்கிப்போவது எதிலும் பிறந்த வரிசையின் தடம் தெரியவில்லை.

"எங்க வீட்டில் கண்ணெதிரே தெரியுதே" என்பீர்கள். சரி, பதினைந்து வயதுக்காரியைப் பத்து வயதுக்காரனோடு நிறுத்திப் பார்த்தால் அவள் பொறுப்பாகத்தானே தெரிவாள்? அவனுக்குப் பதினைந்து ஆகட்டும், அப்போது பாருங்கள். அதுவரை பொறுக்காமல் 'இவன் விளையாட்டுப் பிள்ளை' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். ஆசிரியர்களும் விடுவதில்லை, "உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டே கணக்குப் பாடம் கசந்தது.

பெரியக்கா இன்றைக்கு வந்திருக்கிறாள். கடைசி வரிசை, மடியில் பை. சுளகு போய் இருபது வருஷம் ஆகிறது. கடைசி பஸ் போய்விடும் என்று இதுவரை மூன்று தடவை கடிகாரத்தைக் காட்டிவிட்டாள்.

வருகிறேன் அக்கா.