தீர்ப்பைத் தள்ளிவைத்த ஊர்: பிர்ச்கோவில் பன்னாட்டு மேற்பார்வை

அவையோருக்கு வணக்கம்.

போஸ்னியாவின் வடகிழக்கில், சாவா நதியின் தென்கரையில் பிர்ச்கோ என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அக்கரையில் குரோயேஷியா. 1991 கணக்கெடுப்பின்போது நகரமும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்த நகராட்சியில் 87,627 பேர் வாழ்ந்தார்கள். நூற்றுக்கு 44 பேர் முஸ்லிம்கள், அதாவது போஸ்னியாக்குகள். 25 பேர் குரோயேஷியர். 21 பேர் செர்பியர். போஸ்னியப் போர் தொடங்கிய 1992-இல், ஏப்ரல் 30 அன்று ஆற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் செர்பியப் படைகள் நகரைப் பிடித்தன. முஸ்லிம்களும் குரோயேஷியரும் விரட்டப்பட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய லூக்கா முகாமில் நடந்த கொலைகளை ஹேக் நகரத்தில் இயங்கிய பன்னாட்டுப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் பின்னாளில் விசாரித்தது.

இந்த ஊருக்கு ஏன் அத்தனை போட்டி? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். போஸ்னியாவுக்குள் செர்பியர்கள் தங்களுக்கென அமைத்த ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா என்ற பகுதி கிழக்கே ஒரு பாதி, மேற்கே ஒரு பாதி. இரண்டையும் இணைப்பது பிர்ச்கோ வழியாகப் போகும் ஒரு மெல்லிய நிலப்பட்டி. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். அது கைவிட்டுப் போனால் செர்பியப் பகுதி இரண்டு துண்டு. எதிர்த்தரப்பான போஸ்னியாக்-குரோயேஷியக் கூட்டமைப்புக்கோ, வடக்கே ஐரோப்பாவுக்குப் போகும் சாலையும் ரயிலும் நதித் துறைமுகமும் இங்கேதான். அதோடு ஒரு நியாயமும் அவர்கள் பக்கம் இருந்தது. பெரும்பான்மை மக்களைத் துரத்திவிட்டுப் பிடித்த ஊரைப் பிடித்தவரிடமே விட்டால், துரத்தியதற்குப் பரிசு கொடுத்ததாகாதா?

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் போரை முடிக்க மூன்று வாரம் பேச்சு நடந்தது. நாட்டைக் கூட்டமைப்புக்கு 51 விழுக்காடு, செர்பியப் பகுதிக்கு 49 விழுக்காடு என்று பிரித்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் உள்நாட்டு எல்லைக்கோடு முழுவதும் முடிவாகி, பிர்ச்கோ மட்டும் முடியவில்லை. கடைசி நாளில்கூட மொத்தப் பேச்சும் அதனாலேயே முறிந்துபோகும் நிலை. வேறு வழியில்லாமல் டேட்டன் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பின் ஐந்தாம் பிரிவில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள்: பிர்ச்கோ பகுதியில் கோடு எங்கே போவது என்பதை நடுவர் மன்றம் ஓராண்டுக்குள் தீர்மானிக்கும்.

அந்த மன்றத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரப்புக்கு ஒரு நடுவர். மூன்றாமவரை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். முடியாவிட்டால் சர்வதேச நீதிமன்றத் தலைவர் நியமிப்பார். எதிர்பார்த்தபடியே அவர்களால் முடியவில்லை. 1996-இல் ராபர்ட்ஸ் ஓவன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தலைமை நடுவராக நியமிக்கப்பட்டார். மூவரில் இருவர் ஒத்துப்போகாவிட்டால் தலைமை நடுவரின் முடிவே இறுதி என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்த ஒரு வாசகம் இல்லாமல் போயிருந்தால் மன்றம் முதல் நாளே முடங்கியிருக்கும். ஏனென்றால் இரு தரப்பு நடுவர்களும் தத்தம் தரப்பை விட்டு ஓர் அங்குலமும் நகரப் போவதில்லை.

1997 பிப்ரவரி 14 அன்று முதல் தீர்ப்பு வந்தது. ஊர் யாருக்கு என்று அதில் இல்லை! பதிலாக, ஒரு பன்னாட்டு மேற்பார்வையாளரை நியமிக்கச் சொன்னது. 1998 மார்ச் 15 அன்று இரண்டாம் தீர்ப்பு, மறுபடியும் தள்ளிவைப்பு. இறுதித் தீர்ப்பு வந்தது 1999 மார்ச் 5 அன்று. நடுவருக்குத் துணிச்சல் இல்லை என்று அன்று பலரும் ஏசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்பு வராத அந்த இரண்டு ஆண்டுகளில் இரு தரப்பும் கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. அகதிகள் திரும்புவதைத் தடுத்தால் அது அடுத்த தீர்ப்பில் எதிராக எழுதப்படும் என்பது இருவருக்கும் தெரியும். 1998 தொடக்கத்தில் ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவில் மிதவாதியாகக் கருதப்பட்ட மிலோராத் தோதிக் பிரதமரானார். சொன்னதைச் செய்கிறாரா என்று பார்க்கவே இரண்டாம் தீர்ப்பு அவகாசம் கொடுத்தது. ஊரைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு நல்ல நடத்தையைக் கேட்டால் எந்தத் தரப்பும் தராது.

இனி மேற்பார்வையாளரின் அதிகாரத்துக்கு வருவோம். முதலாமவர் ராபர்ட் வில்லியம் ஃபாரண்ட் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி. 1997 ஏப்ரல் 11 அன்று அலுவலகம் திறந்தது. அவர் பிறப்பிக்கும் ஆணை கட்டாயமானது. எந்தச் சட்டத்தோடு மோதினாலும் ஆணையே நிற்கும். இது வெறும் போர்நிறுத்தக் கண்காணிப்பு அல்ல. நமக்குத் தெரிந்த உதாரணம் சொன்னால் புரியும். 2002-இல் இலங்கைக்கு வந்த நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு மீறலை விசாரிக்கலாம், மீறல்தான் என்று தீர்மானிக்கலாம். அதற்குமேல் யாருக்கும் கட்டளையிட முடியாது. பிர்ச்கோ மேற்பார்வையாளரோ அதிகாரியைப் பதவி நீக்கலாம், சட்டம் இயற்றலாம், சட்டமன்றத்தையே நியமிக்கலாம். நகருக்குத் தெற்கே மெக்கவர்ன் முகாமில் அமெரிக்கப் படை நின்றதும் அந்த அதிகாரத்துக்குப் பின்பலம்.

ஆனால் தாளில் உள்ள அதிகாரம் தெருவில் செல்ல நாளாகும். 1997 ஆகஸ்ட் 28 அன்று நகரில் பெருங்கலவரம் மூண்டது. ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்குள்ளேயே போர்க்காலச் செர்பியத் தலைவர் காரட்ஜிச்சின் கோஷ்டிக்கும் அப்போதைய அதிபர் பிளாவ்சிச் தரப்புக்கும் நடந்த இழுபறியில், காவல் நிலையங்கள் யார் கையில் என்பதே சண்டை. கூட்டம் அமெரிக்க வீரர்களைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது, ஐ.நா. காவல் பணியாளர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். உள்ளூர்ப் போலீஸ் ஒரே இனத்தாருடையதாக, ஒரே கட்சியின் பிடியில் இருக்கும்வரை எந்த ஆணையும் காகிதம்தான் என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த அக்டோபரிலேயே நிர்வாகம், போலீஸ், நீதிமன்றம் மூன்றும் பல இனத்தவர் கலந்ததாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஆணையிட்டார். 1998 தொடக்கத்தில் மூன்று இனத்தவரும் ஒரே சீருடையில் பணிக்கு வந்தார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது வீடு திரும்புதல். எல்லைக்கோட்டின் இருபுறமும் 2 கிலோமீட்டர் படை விலகல் பகுதி. முதலில் திரும்பியவர்கள் பெரும்பாலும் அங்கே இடிந்து கிடந்த புறநகர் வீடுகளுக்குத்தான் போனார்கள். அந்த வீடுகளில் வேறு யாரும் குடியில்லை. கண்ணிவெடி அகற்றிக் கூரை போட்டால் போதும். அதனால் வீடு திரும்பும் விண்ணப்பங்களை அங்கிருந்தே தொடங்கியது சரியான வரிசை. நகரின் நடுவில் நிலைமை வேறு. அங்கே நிற்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் போஸ்னியாக், தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறார். உள்ளே இருப்பது ஒரு செர்பியக் குடும்பம். 1996 தொடக்கத்தில் சரயேவோவின் புறநகர்கள் கூட்டமைப்பிடம் கைமாறியபோது வெளியேறி வந்தவர்கள். சரயேவோவிலுள்ள அவர்கள் வீட்டில் இன்னொரு அகதிக் குடும்பம். ஒரு வீடு காலியாக மூன்று ஊரில் மூன்று வீடு காலியாக வேண்டும். எங்கேயாவது ஓர் அதிகாரி கோப்பை நகர்த்தாவிட்டால் மொத்தமும் நின்றுவிடும்.

இதை உடைத்தது இரண்டு காரியம். முதலாவது, உரிமையாளரின் உரிமையையும் குடியிருப்பவரின் தேவையையும் தனித்தனியாகப் பிரித்தது. வீடு உரியவருக்குத் திரும்பியே தீர வேண்டும். அதில் பேரம் கிடையாது. அதே சமயம், பிர்ச்கோவிலேயே தங்க விரும்பும் இடம்பெயர்ந்த செர்பியர்களுக்கு வீட்டுமனை ஒதுக்கப்பட்டது. ‘வீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பதா?’ என்று பயமுறுத்திக்கொண்டிருந்த அரசியல்வாதிகளின் வாயை அது அடைத்தது. இரண்டாவது, பயணம். அதுவரை வண்டியின் எண் பலகையைப் பார்த்தாலே ஆள் எந்தப் பகுதிக்காரர் என்று தெரியும். கல்லெறிய அது போதும். 1998-இல் நாடு முழுவதற்கும், டேட்டன் ஒப்பந்தம் நிறைவேறுவதைக் கவனிக்கும் பன்னாட்டு அதிகாரியான உயர் பிரதிநிதி ஒரே மாதிரிப் பலகையைக் கொண்டுவந்தார். லத்தீன், சிரிலிக் இரண்டு எழுத்துமுறையிலும் ஒரே வடிவில் இருக்கும் எழுத்துகள் மட்டுமே அதில் வரும். எவ்வளவு சின்ன வேலை! எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களைவிட அதிகமாக ஆட்களைக் கோடு தாண்டவைத்தது அதுதான்.

இறுதித் தீர்ப்பு எந்தத் தரப்புக்கும் வெற்றி கொடுக்கவில்லை. போருக்கு முந்தைய நகராட்சி முழுவதையும் ஒரே மாவட்டமாக்கியது. சட்டப்படி அது இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் சொந்தம்; ஆனால் ஆளும் அதிகாரம் முழுவதையும் இரண்டும் மாவட்ட அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். படை கிடையாது. இரு தரப்புப் போலீசும் உள்ளே வரக்கூடாது. கூடவே ஒரு தண்டனை விதியும் வைத்தார்கள்: ஒரு தரப்பு கடுமையாக மீறினால், மாவட்டத்தை முழுவதுமாக மற்றத் தரப்புக்குக் கொடுக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த விதி ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. பயன்படுத்தத் தேவைப்படாததே அதன் பயன் என்பேன்.

2000 மார்ச் 8 அன்று மாவட்டம் பிறந்தது. உடனே எழுந்த சிக்கல், எந்தச் சட்டம்? ஊரின் ஒரு பாகத்தில் கூட்டமைப்புச் சட்டம், இன்னொரு பாகத்தில் ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா சட்டம். இரண்டையும் ஒப்பிட்டுப் பொதுச் சட்டம் எழுத ஓர் ஆணையம் அமைத்தார்கள். நீதிபதிகள் எல்லோரும் புதிதாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டியிருந்தது. சம்பளம் உயர்த்தப்பட்டது, ஏனென்றால் குறைந்த சம்பள நீதிபதியை உள்ளூர்ப் பெரும்புள்ளி வாங்கிவிடுவார். பழைய சட்டங்களின் மிச்சமும் எல்லைக்கோட்டின் சட்டமதிப்பும் மாவட்டத்துக்குள் முற்றாக நீங்கியது 2006 ஆகஸ்டில் பிறந்த ஆணையால்தான்.

பள்ளிக்கூடம் இன்னும் உணர்ச்சிகரமானது. 2000 அக்டோபரில் ஒரே கட்டடத்தை முறைவைத்துப் பகிர்ந்த செர்பிய, போஸ்னியாக் மாணவர்கள் எதிரெதிராகத் தெருவில் இறங்கினார்கள். கட்சிகள் ஒத்துவராததால் 2001-இல் மேற்பார்வையாளரே கல்விச் சட்டத்தைப் பிறப்பித்தார். பெரும்பாலான பாடங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறை. மொழி, வரலாறு போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனித்தனி. சான்றிதழ் எந்த மொழியில், எந்த எழுத்துமுறையில் வேண்டும் என்பது மாணவர் விருப்பம். போஸ்னியாவின் பிற பகுதிகளில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளி என்ற அவலம் இன்றும் நீடிக்கும்போது, பிர்ச்கோவின் இந்த ஏற்பாட்டைத்தான் நான் அந்த மேற்பார்வையின் ஆகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

பணமும் முக்கியம். ஊருக்கு வெளியே, படையினர் அரிசோனா என்று பெயரிட்ட நெடுஞ்சாலையில், சோதனைச் சாவடியின் பாதுகாப்பில் 1996-இல் ஒரு சந்தை முளைத்தது. முந்தின ஆண்டு சண்டையிட்டவர்கள் அங்கே மாடும் சிகரெட்டும் வாங்கி விற்றார்கள். சமாதானத்தின் அடையாளம் என்று வெளிநாட்டவர் மெச்சினார்கள். வரி வசூலும் ஒழுங்கும் இல்லாததால் கடத்தலும் பெண்களை விற்கும் கொடுமையும் அங்கேயே புகுந்தன. பிறகு அதை முறைப்படுத்தப் பட்ட பாடு மிகப் பெரிது. முதல் நாளே உரிமமும் வரியும் வைத்திருக்க வேண்டும். மாவட்டத்தின் நிலையான வருமானம் நாட்டின் மறைமுக வரியிலிருந்து வருகிறது; 2006-இல் மதிப்புக்கூட்டு வரி வந்தபின் பிர்ச்கோவுக்கென ஒதுங்கிய பங்கு 3.55 விழுக்காடு.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் மாவட்டப் பேரவை மேற்பார்வையாளர் நியமித்தது. மக்கள் வாக்களித்தது 2004 அக்டோபரில்தான். கசப்பான முடிவையெல்லாம் மேற்பார்வையாளர் தலையில் கட்டிவிட்டு, ஆணை வந்ததும் எதிர்ப்பதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளூர்த் தலைவர்களிடம் வேரூன்றியது. ஓராண்டுக்கு என்று தொடங்கிய ஏற்பாடு பதினைந்து ஆண்டு ஓடியது. 2009-இல் நாட்டின் அரசியல் சட்டத்தில் பிர்ச்கோ மாவட்டம் சேர்க்கப்பட்டு, அதன் உரிமை பறிபோனால் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் கிடைத்த பிறகே வெளியேறுவதைப் பற்றிப் பேச முடிந்தது.

2012 ஆகஸ்ட் 31 அன்று மேற்பார்வை நிறுத்திவைக்கப்பட்டது. முடிக்கப்படவில்லை, நிறுத்திவைக்கப்பட்டது. மன்றமும் கலைக்கப்படவில்லை. இந்த வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அன்று மிதவாதி என்று அவகாசம் பெற்ற அதே தோதிக் பின்னாளில் பிரிவினை பேசியபோதெல்லாம், பிர்ச்கோதான் குறுக்கே நிற்கிறது. மாவட்டத்தைத் தொடாமல் ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவின் இரு பாதிகளும் சேர முடியாது. தொட்டால் அந்தப் பழைய தண்டனை விதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்றுவரை தீரவில்லை. மாவட்டவாசி இரண்டு பகுதிகளில் ஏதாவது ஒன்றின் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தால்தான் நாட்டை ஆளும் மூவர் அதிபர் குழுவுக்கு வாக்களிக்கலாம். எந்தப் பக்கமும் சாராமல் பிர்ச்கோக்காரராக மட்டும் இருக்க விரும்புபவருக்கு மாவட்டத் தேர்தலில் வாக்கு உண்டு, நாட்டுத் தேர்தலில் இல்லை.